மூன்று தட்டுக்கு ஒரு தட்டு

நான் கதை எழுதுகிற ஆள் இல்லை. லிஃப்ட் மெக்கானிக். இருபத்துமூன்று வருஷமாக இதே வேலைதான். கீழே எழுதியிருப்பதில் ஒரு வரிகூட நானாகச் சேர்த்தது கிடையாது. நேரமெல்லாம் ரெக்கார்டரில் பதிவாகியிருக்கிறது. என் மனைவியும் கூடவே இருந்தாள். இருட்டில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானே தள்ளிவிட்டிருப்பேன். ஆனால் எல்லாமே பட்டப்பகலில் நடந்தது. மதியம் மூன்று மணிக்கு மேல், ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது.

என் அப்பா போருக்குப் போனவர். வயர்லெஸ் ஆள். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. அவர் அங்கே இருக்கும்போதுதான் என் அக்கா பிறந்தாள். திரும்பி வந்து தபால் ஆபீசில் சேர்ந்து ரிட்டையரும் ஆகிவிட்டார். இந்த நாற்பத்தொன்பது வருஷத்தில் போரைப் பற்றி வீட்டில் வாய் திறந்தது கிடையாது. கேட்டால், "காலெல்லாம் கொப்புளம். சாப்பாடு நல்லா இருக்காது" என்பார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த போர்.

போன வருஷம் அவருடைய இதயம் பாதிக்கும் கீழேதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் அக்கா அழுதாள். மறுவாரம் ஒரு சின்ன ரெக்கார்டரை வாங்கி அனுப்பினாள்.

"டேய் தம்பி, அப்பாவ உக்கார வச்சு பேசச் சொல்லு. என் பசங்களுக்கு தாத்தா குரலாவது மிஞ்சட்டும்டா."

அப்பா மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். உடனே சரி என்றார். எனக்கே ஆச்சரியம்.

"சொல்றேன். ஒரே ஒரு ராத்திரியப் பத்தித்தான் சொல்லணும். மத்ததெல்லாம் சும்மா. ஆனா வெளிச்சம் இருக்கறப்போதான் பேசுவேன். லைட் போடற நேரம் வந்துட்டா நிறுத்திடணும்."

முதல் பதிவு ஒரு சனிக்கிழமை. எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஹாலில் லிஃப்ட் பக்கத்துச் சுவரை ஒட்டி அப்பாவின் மர நாற்காலி. வயர்லெஸ் காலத்துப் பழக்கம், எதையும் கடிகாரம் பார்த்துத்தான் ஆரம்பிப்பார். சரியாக மூன்று மணிக்கு, "ம், போடு" என்றார். பட்டனை அழுத்தினேன்.

"பேரு சொல்லுங்கப்பா."

"உனக்குத் தெரியாதா?"

"ரெக்கார்டருக்குப்பா."

"அங்க யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. நான் 'காது'. எந்நேரமும் ஹெட்போன் மாட்டியிருப்பேன்ல. எங்க தலைவன் 'மீசை'. அப்புறம் ஒருத்தன்... 'நெட்டை'."

நெட்டை ஆறடிக்கும் மேலே. அவனுக்காகவே பதுங்குகுழியை இரண்டாம் தடவை ஆழமாக வெட்ட வேண்டியிருந்ததாம். "குனிஞ்சு குனிஞ்சு கழுத்து போச்சு மீசை. எதிரிகிட்ட ஆள் அனுப்பி, கொஞ்சம் மேலாப்புல சுடச் சொல்லு" என்பானாம். சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. சமையலறையில் இருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

அன்றைக்கு அவர் ஒரு வழக்கத்தையும் விளக்கினார். அதை நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும்.

இவர்கள் இருந்தது ஒரு குன்றின் மேலே. கீழே அறுநூறு அடி தள்ளி ஒரு குழி. அதில் ராத்திரி முழுக்க ஒரே ஒரு ஆள், ஒரு வயர்லெஸ் செட்டோடு உட்கார்ந்திருப்பான். எதிரி பக்கத்திலேயே இருப்பதால் அவன் வாயைத் திறக்கக் கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை அப்பா மேலேயிருந்து மெதுவாகக் கூப்பிடுவார். அவன் பேசாமல் செட்டின் பொத்தானை மட்டும் அழுத்துவான். அப்பாவின் காதில் 'டக்' என்று கேட்கும். எத்தனை தட்டு என்று அப்பா நோட்டில் குறித்துவைப்பார்.

இரண்டு தட்டு என்றால், நலம்.

மூன்று தட்டு என்றால், ஆபத்து, வாங்க.

மூன்று வந்தால் அப்பா திருப்பி ஒரே ஒரு தட்டு கொடுக்க வேண்டும். 'வர்றோம்' என்று அர்த்தம். கொடுத்துவிட்டால் போயே ஆக வேண்டும்.

"குடுத்துட்டு போகாம இருந்தா?" என்று கேட்டேன்.

"அப்படி யாரும் இருந்ததில்ல" என்றார் அப்பா.

மறுநாள் காலை அக்காவுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஹெட்போன் மாட்டி ஒருமுறை கேட்டேன். நெட்டையின் குழி, கழுத்து வலி, சிரிப்பு. சரியாக முப்பதாவது நிமிஷம்...

டக். டக். டக்.

ரொம்ப மெல்லிய சத்தம். லிஃப்ட் பேனலுக்குள் தானாகத் தட்டி மாறுகிற சுவிட்ச், ரிலே, அதுதான் என்று நினைத்தேன். என் பிழைப்பே அதுதான். எந்த ரிலே எப்படித் தட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். லிஃப்ட் சுவருக்கு அந்தப் பக்கம்தானே, பேனல் சத்தம் ஏறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அக்காவுக்கும் அனுப்பிவிட்டேன்.

அறுபதாவது நிமிஷத்திலும் அது இருந்தது. அதை நான் இரண்டாவது தடவை கேட்டபோதுதான் கவனித்தேன்.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது பதிவு. மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். அப்பா பயிற்சி முகாமைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். 3:30க்கு, ஒரு வாக்கியத்தின் நடுவில், சட்டென்று நிறுத்தினார். தரையைப் பார்த்தார். நான்கைந்து வினாடி. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அறையில் எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சத்தியமாக இல்லை.

பதிவில் இருந்தது. டக். டக். டக். போன வாரத்தைவிடத் தெளிவாக.

இன்னொன்றும் இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அப்பா பேச்சை நிறுத்தியது சத்தத்துக்குப் பிறகு இல்லை. இரண்டு வினாடி முன்னால். வரப்போகிறது என்று தெரிந்து வழி விடுகிற மாதிரி.

மூன்றாவது பதிவுக்கு நான் தயாராகவே இருந்தேன். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். செல்போனையெல்லாம் பால்கனியில் வைத்தேன். கீழே போய் லிஃப்டையும் மெயினில் அணைத்து, 'பழுது பார்க்கப்படுகிறது' போர்டை மாட்டினேன். என் மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா பேசறத பதிவு பண்றீங்களா, இல்ல வீட்டையே சர்வீஸ் பண்றீங்களா?"

"ஒரு சத்தம் வருதுடி."

"உங்களுக்கு தூங்கும்போதே ரிலே சத்தம் வரும்."

அந்தப் பதிவில் முப்பதாவது நிமிஷம்.

டக். டக். டக்.

இப்போது அதற்குப் பின்னால் வேறு ஏதோ கேட்டது. காற்று. அறைக்குள் சுற்றுகிற காற்று இல்லை. பெரிய வெட்டவெளியில் புல்லை உரசிக்கொண்டு போகிற காற்று. அன்று ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.



அன்றே அப்பாவிடம் கேட்டுவிட்டேன். ஹெட்போனை அவர் காதில் மாட்டிப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உனக்கும் கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"நாப்பத்தொன்பது வருஷமா கேக்குதுடா. அரை மணிக்கு ஒரு தடவ. ஆபீஸ்ல, உன் கல்யாணத்துல, உங்கம்மா போன அன்னிக்கு... எனக்கு மட்டும்தான்னு இருந்தேன். பைத்தியம்னு நெனச்சு யார்கிட்டயும் சொல்லல."

அவர் முகத்தில் முதலில் நிம்மதிதான் தெரிந்தது. அப்புறம் ஏதோ நினைத்துக்கொண்டவர் மாதிரி கையை இறுக்கினார்.

"நீ பதில் தட்டலயே?"

"இல்லப்பா."

"பேனாவ மேசைல தட்டறது, வெரல சொடுக்கறது... ஒண்ணும் வேணாம். அது கேட்டா கைய கட்டிக்கிட்டு உக்காந்திரு. புரியுதா?"

நான் தலையாட்டினேன். இனிமேல் பதிவே வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. "அந்த ராத்திரிய சொல்லாம போக மாட்டேன். நெட்டை வீட்டு ஆளுங்களுக்கு அது போய்ச் சேரணும். நீதான் சேக்கணும். சேப்பியா?" என்றார். எழுபத்தைந்து வயதுக்காரர் என்னிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றைத்தான். சேர்க்கிறேன் என்று சொன்னேன்.

நான்காவது பதிவு. கடைசிப் பதிவு. ஞாயிற்றுக்கிழமை, 3:00 மணி.

அப்பா சவரம் செய்து சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அன்று கீழ்க்குழியில் நெட்டை. ராத்திரி பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, கீழ்ச் சரிவில் ஒரே ஒரு குண்டு விழுந்தது. அப்பா பதறிப்போனார். பத்து மணிக்குக் கூப்பிட்டார். டக், டக். இரண்டு தட்டு. நலம். மீசையிடம் சொன்னார். மீசை நிம்மதியாகப் படுத்தான். பத்தரை, இரண்டு. பதினொன்று, இரண்டு. ஒன்றரை வரைக்கும் அப்படித்தான்.

இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்.

டக். டக். டக்.

"நான் ஒரு தட்டு குடுத்திருக்கணும். மீசைய எழுப்பியிருக்கணும். செட்ட முதுகுல தூக்கிட்டு நான்தான் முன்னாடி எறங்கணும். அன்னிக்கு சாயங்காலம்தான் கடுதாசி வந்திருந்தது, பொம்பளப் புள்ள பொறந்திருக்குன்னு. சட்டப்பைல வச்சிருந்தேன். கை பொத்தான் மேலதான் இருந்துச்சுடா. அழுத்தல. நோட்டுல ரெண்டுன்னு எழுதினேன்."

இரண்டரைக்கு மூன்று. அப்பா இரண்டு என்று எழுதினார். மூன்று மணிக்கு மூன்று. இரண்டு என்று எழுதினார். ஐந்து மணி வரைக்கும்... ஏழு தடவை அவன் கூப்பிட்டான். ஏழு தடவையும் நோட்டில் நலம்.

விடிந்ததும் மீசை இறங்கிப் போய்விட்டு வந்தான். "நெட்டை போயிட்டான்" என்றான். அப்பாவின் நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. கடைசி வரைக்கும் எதுவும் கேட்கவில்லை.

"ஏழு தடவடா. அவனுக்கு வேற யார் இருந்தா, என் காத விட்டா?"

அப்பா அழுதார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

4:29.

அப்பாவும் பார்த்தார்.

டக். டக். டக்.

ஹெட்போனில் இல்லை. அறையில். லிஃப்ட் சுவர்ப் பக்கத்திலிருந்து.

சமையலறையிலிருந்து என் மனைவி வந்து நின்றாள். "என்னங்க, யாரு கதவ தட்டறது?"

அவளுக்கும் கேட்டிருக்கிறது.

அப்பா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இப்ப உங்களையும் கூப்பிட ஆரம்பிச்சுட்டான்" என்றார். "இது என்னோட போகட்டும்."

"அப்பா, வேணாம்."

"ரொம்ப நேரம் காத்திருந்துட்டான்டா."

நான் கையைப் பிடிப்பதற்குள் கட்டை விரலால் நாற்காலியின் மரக்கையை அழுத்தித் தட்டினார். ஒரே ஒரு தடவை.

டக்.

"வர்றேன்டா நெட்டை."

எதுவும் நடக்கவில்லை. 4:35. 4:40. அப்பா சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு சீராக இருந்தது. முகம் தெளிந்திருந்தது. மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தார். "நல்லா இருக்கும்மா" என்றார்.

5:00 ஆனது.

தட்டு வரவில்லை.

நாற்பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக வரவில்லை. அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

அப்போது லிஃப்ட் கிளம்பியது.

கீழேயிருந்து மேலே.

இந்த லிஃப்டை நான்தான் பராமரிக்கிறேன். மோட்டார் முனகுவதை வைத்தே உள்ளே எத்தனை பேர் என்று சொல்வேன். ஆறு பேர் லிஃப்ட் அது.

அது நிறைந்து வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது மாடியில் நின்றது. கதவு திறக்கும் சத்தம். யாரும் இறங்கவில்லை. காலடி இல்லை.

ஐந்து வினாடி...

பத்து வினாடி...

பீ... என்று அலாரம் அடித்தது. ஆள் அதிகமானால் அடிக்குமே, அந்த அலாரம்.

ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தேன்.

லிஃப்ட் திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கண்ணாடியில் நான் மட்டும் தெரிந்தேன்.

காலி.

அலாரம் நிற்கவில்லை.

"என்னங்க..." உள்ளேயிருந்து மனைவியின் குரல். "மாமாவ பாருங்க..."

திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால் அலாரம் நின்றது. கதவு மூடியது. லிஃப்ட் இறங்கத் தொடங்கியது.

அப்பா நாற்காலியிலேயே இருந்தார். கட்டை விரல் மட்டும் மரக்கையில் அழுந்தியிருந்தது. அதை எடுத்துவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

5:02.

மறுநாளே லிஃப்டின் எடை பார்க்கும் கருவியைச் சோதித்தேன். ஒரு கிலோகூடத் தப்பு இல்லை.

ஆனாலும் நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். நண்பன் வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறான், அப்பாவுக்கு அதுதானே வேண்டியிருந்தது என்று அக்காவிடமும் சொன்னேன். அவளும் அப்படியே நம்பி ஆறுதலடைந்தாள்.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு பாக்கி இருந்தது. நெட்டையின் வீடு எது என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் பழைய டைரியில் மீசையின் நம்பர் கிடைத்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு நாள் காலை 11:20க்குக் கூப்பிட்டேன். எண்பதைத் தாண்டிய குரல்.

"யாரு, காதோட மவனா? உங்கப்பன் தூங்குமூஞ்சி எப்படி இருக்கான்?"

இறந்துவிட்டார் என்றேன். "அவனும் போயிட்டானா" என்றார். பிறகு ஏன் தூங்குமூஞ்சி என்று கேட்டேன்.

"அட, அத விடுப்பா. போனவன பத்தி எதுக்கு."

"சொல்லுங்க. நான் தெரிஞ்சுக்கணும்."

"நெட்டை போன ராத்திரி உங்கப்பன் பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்துல என்கிட்ட நலம்னுட்டு, அப்புறம் நல்லா தூங்கிட்டான். நோட்டுல அஞ்சு மணி வரைக்கும் நலம், நலம்னு சும்மா எழுதி வச்சிருந்தான். எல்லாரும் மூணு நாளா தூங்காத பசங்க. அதான் நான் காட்டிக் குடுக்கல."

"தூங்கலங்க. அப்பா முழிச்சுத்தான் இருந்தாரு. அஞ்சு மணி வரைக்கும் கீழேருந்து தட்டு வந்துச்சாம்."

"எங்கேருந்து?"

"நெட்டைகிட்டேருந்து."



"தம்பி... பத்து மணிக்கு முன்னாடி ஒரு குண்டு விழுந்துச்சு. நேரா அந்தக் குழி வாயிலயே. விடிஞ்சு நான்தான் எறங்கிப் போய்ப் பாத்தேன். அவனுக்கு அந்த நிமிஷமே உயிர் போயிருச்சு. வயர்லெஸ் செட்ட தேடித் தேடிப் பொறுக்கினோம். உள்ளங்கை அளவு தகரம்தான் கெடச்சுது."



"எதுல தட்டினான்?" என்று அவர் கேட்டார். திரும்பவும் கேட்டார். "எதுல தட்டினான் தம்பி?"

நெட்டையின் தங்கை இருக்கிறார் என்று சொல்லி ஒரு முகவரியும் கொடுத்தார். எழுதிக்கொண்டேன். போனை வைத்தேன். 11:34.

நெட்டை ஒரே ஒரு ஆள். அப்பாவையும் சேர்த்தால் இரண்டு பேர். எங்கள் லிஃப்டில் ஏழாவது ஆள் ஏறினால்தான் அந்த அலாரம் அடிக்கும்.

ரெக்கார்டரை நான் இன்னும் அந்தத் தங்கைக்கு அனுப்பவில்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்னை அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை முழுசாகக் கேட்டால் மூன்று தட்டும் கேட்டாக வேண்டும். கேட்டுக்கொண்டே அந்த அம்மா சும்மா விரலால் மேசையை ஒரு தட்டு தட்டிவிட்டால்...

முகவரி என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.